ஹார்னெட்டும் குவெஸ்ட் 3-ம் எங்க வீட்டு மச்சும்

2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகர்ல மிக்-21க்கு விடை குடுத்து அனுப்புனாங்கள்லா, அன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா பாளையங்கோட்டைல இருந்து பஸ் ஏறி நேரா டவுனுக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டாக. சித்தப்பா ஏர்ஃபோர்ஸ்ல கிரவுண்ட் க்ரூ, வடக்க அந்த பிளேனோடயே பல வருஷம் கிடந்தவுக. 1963-ல நம்ம படைக்கு வந்த விமானம், 62 வருஷம் ஓடியிருக்கு, டிவில அந்த நிகழ்ச்சிய முழுசும் பாத்திருக்காக போல, கண்ணு கொஞ்சம் செவந்துதான் இருந்துச்சு. வந்ததும் தண்ணி கூட குடிக்கல. "ஏலே, ஒங்கிட்ட ஒரு கண்ணாடி இருக்காம்லா, அதப் போட்டா காக்பிட்டுக்குள்ளயே உக்காந்த மாரி இருக்குமாம்லா, ஒருக்கா காட்டு"ன்னாக.

என்கிட்ட டிசிஎஸ்னு கம்ப்யூட்டர்ல போர் விமானம் ஓட்டுற சிமுலேட்டர் கேம் இருக்கு, அதுல மிக்-21பிஸ் விமானத்தோட மாட்யூலும் இருக்கு. மச்சுக்குக் கூட்டிட்டுப் போயி நாற்காலில உக்கார வச்சு ஹெட்செட்ட மாட்டி விட்டேன். முதல் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அந்த பச்சையும் நீலமும் கலந்த பெயிண்ட்ட பாத்துட்டு கை தன்னால இடது பக்கம் போகுது, அங்க என்னமோ ஒரு சுவிட்ச தேடுதாக. அப்புறம் "அன்னா அந்தக் கோடு"ன்னாக. மிக்-21 பேனல் நடுவுல மேலருந்து கீழ ஒரு வெள்ளக் கோடு போட்டிருப்பாங்க, விமானம் ஸ்பின் ஆயிட்டா பைலட் அந்தக் கோட்டுக்கு நேரா ஸ்டிக்க தள்ளி நிறுத்தணும், எந்தப் பக்கம் சுத்துதுன்னு தலை கொழம்பிப் போனாலும் கை நடுவுக்கு வந்துரணும், அதுக்காக போட்டது. சித்தப்பா கையால தொடச்ச கோடு அது.

நான் பறக்க ஆரம்பிச்சதும்தான் கெட்டுது. தலைய திருப்புனா பேனல் நடுங்குது, ஜன்னல் சட்டம் ரெண்டு ரெண்டா தெரியுது, பக்கத்துல பறக்குற விமானம் விட்டு விட்டு நகருது. நாலே நிமிஷம். கழட்டி குடுத்துட்டு மாடிப்படில போய் உக்காந்துட்டாக, "கிறுகிறுன்னு வருதுடே"ன்னாக, அம்மா சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. "அந்தக் கோடு ஏன் நடுங்குது"ன்னு மட்டும் போகும்போது கேட்டாக. எனக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கமே வரல. அந்தக் கோட்ட நடுங்காம நிறுத்தணும், அவ்வளவுதான், அதுக்கு நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசத்துல கத்துக்கிட்டத இங்க எழுதுதேன்.

என் சிஸ்டம்: சிபியு ரைசன் 5 5600எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3070 8 ஜிபி, 32 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, விஆர் ஹெட்செட் குவெஸ்ட் 3 (அண்ணன் துபாய்ல இருந்து வரும்போது கொண்டாந்தான்). பெரிய மெஷின் இல்ல, ஆனா சாதாரண மானிட்டர்ல டிசிஎஸ் நல்லாவே ஓடும். விஆர்னு வந்தா கணக்கே வேற. குவெஸ்ட் 3-ல ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 பிக்சல், ரெண்டு கண்ணுக்கும் சேத்தா 91 லட்சம். ஃபுல் எச்டி மானிட்டர்ல மொத்தமே 20 லட்சத்து சொச்சம்தான். நாலு மடங்குக்கும் மேல. லென்ஸ் வளைவ சரிகட்ட அதுக்கும் மேல கொஞ்சம் பெருசா வரையணும். இதெல்லாம் செகண்டுக்கு 72 தடவ, 90 தடவ.

முன்னாடி நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னா எவனாவது பெஸ்ட் செட்டிங்ஸ்னு போட்டா அப்படியே காப்பி அடிச்சு வைப்பேன், ஒரே நேரத்துல இருபது மாத்துவேன், அன்னைக்கு நல்லா இருக்கும் மறுநாள் நாறிப்போயிருக்கும், எது நல்லது பண்ணுச்சு எது கெட்டது பண்ணுச்சுன்னு ஒண்ணுமே புரியாது. அவன் மெஷின் வேற, அவன் ஹெட்செட் வேற, அவன் ஊரு குளுரு வேற.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதுக்குள்ள அடக்கம். எஃப்பிஎஸ் நம்பர, அதாவது செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் (படம்) வருதுங்கறத பாக்காதீங்க, ஒரு ஃப்ரேமுக்கு எத்தன மில்லிசெகண்ட் ஆகுது, அத யாரு இழுத்தடிக்கான்னு பாருங்க. 72 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் டைம் இருக்கு, 90 ஹெர்ட்ஸ்னா 11.1 தான். சராசரி 70 எஃப்பிஎஸ்னு காட்டும், ஆனா அதுக்குள்ள நாலு ஃப்ரேம் 25 மில்லிசெகண்ட் எடுத்திருக்கும், அந்த நாலுதான் வயித்தக் கலக்கும்.

நம்ம ஊரு கல்யாணத்துல மறுவீட்டுச் சொதிப் பந்திய நெனச்சுக்கோங்க. சோத்து வாளி ஒருத்தன் கைல, சொதி வாளி ஒருத்தன் கைல. சோறு போடுறவன் பந்தி முனைலயே நிக்கான்னா சொதி ஊத்த பத்து பேர விட்டாலும் எல சும்மாதான் கிடக்கும். சோறு போடுறவன்தான் சிபியு, உலகத்துல எந்த விமானம் எங்க இருக்கு, எந்த ஏவுகணை எங்க போகுதுன்னு கணக்குப் போட்டு எத வரையணும்னு சொல்லுறவன். சொதி ஊத்துறவன் ஜிபியு, வரையுறவன். யாரு பிந்துதானோ அவன்கிட்டதான் வேலை. நான் மூணு வாரமா சொதிக்காரனையே வெரட்டிட்டு இருந்தேன், சோத்துக்காரன் கால்ல கல்ல கட்டியிருந்தது தெரியாம.

டிசிஎஸ்லயே இதப் பாக்க வழி இருக்கு. வலது கண்ட்ரோலோட பாஸ் கீய அமுக்குனா ஓரத்துல கவுண்டர் வரும், அதுலயே சிபியு பவுண்டா ஜிபியு பவுண்டான்னு, அதாவது யாரு பிந்துதான்னு, எழுதிக் காட்டும். 2023-ல மல்டித்ரெடிங், அதாவது வேலைய பல கோருக்குப் பிரிச்சு விடுற வசதி, வந்ததுக்கு அப்புறம் படம் வரையுற வேலைய தனி த்ரெட்டுக்கு பிரிச்சு விட்டாங்க, அதுக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்ப ரொம்ப தேவல, ஆனா சிமுலேஷன் கணக்கு இன்னமும் மெயின் த்ரெட்லதான் பெரும்பாலும் ஓடும். அதனால கோர் எத்தனங்கறத விட ஒரு கோர் எவ்வளவு வெரசா ஓடுதுங்கறதுதான் இதுக்குக் கணக்கு. கம்ப்யூட்டர்ல ஓடுற படத்த வைஃபைல ஹெட்செட்டுக்கு அனுப்புற விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப் வச்சிருந்தா அதுலயும் ஒரு ஓவர்லே இருக்கு, கேம், என்கோடிங், நெட்வொர்க், டிகோடிங்னு நாலா பிரிச்சு மில்லிசெகண்ட் காட்டும். இந்த ரெண்டும்தான் எனக்கு கண்ணத் தொறந்து விட்டது.

சோதனைக்கு ஒரே மிஷன் வச்சுக்கிட்டேன். காகசஸ் மேப், பதூமில இருந்து கெளம்பி ஊரு மேல தாழ ஒரு சுத்து, கடலுக்கு மேல ஒரு சுத்து, திரும்பி லேண்டிங், ஆறு நிமிஷம். மேகம் எப்பவும் அதே, நேரம் எப்பவும் அதே. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும்னு வச்சுக்கிட்டேன். நோட்டுல எழுதினேன். முதல் நாள் எழுதுனது இன்னமும் இருக்கு: சிபியு 11, ஜிபியு 19, நெட்வொர்க் 22, ஏறி எறங்குது.

நெட்வொர்க் 22னா அது கேமோட பிரச்சனையே இல்ல. எங்க வீடு பழைய வீடு, ரெண்டடி கனத்துல சுண்ணாம்புக் காரை சுவரு, ரவுட்டர் கீழ தார்சால, நான் மச்சுல. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரத் தாண்டி மேல வரும்போது மூச்சு வாங்கிட்டுதான் வரும். போதாததுக்கு கம்ப்யூட்டரும் வைஃபைல, ஹெட்செட்டும் வைஃபைல, அதே ரவுட்டர்ல அம்மா போன்ல சீரியல். ஒரு பழைய ரவுட்டர மச்சுல வச்சு கம்ப்யூட்டர அதுல லேன் கேபிள்ல கோத்துட்டேன், அந்த 5 கிகாஹெர்ட்ஸ ஹெட்செட்டுக்கு மட்டும் விட்டேன். 22 இருந்தது 6 ஆச்சு. எல்லாத்துக்கும் மேல இதுதான் பெரிய மாத்தம், இதுக்கு ஆன செலவு ஒரு லேன் கேபிள். முன்னாடி வைஃபை இல்லாம யுஎஸ்பி கேபிள்ல ஹெட்செட்ட கோக்குற லிங்க் போட்டும் பாத்தேன், ஊர்ல ஒரு கடைல வாங்குன கேபிள், நல்ல ஸ்பீடு வரும்னு சொல்லிக் குடுத்தாங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்தா யுஎஸ்பி 2 வேகம்தான் வந்துச்சு. கேபிள் வாங்குறவங்க அந்த டெஸ்ட்ட மறக்காம போட்டுப் பாருங்க.

ஹெட்செட்டுக்கு அனுப்ப படத்த சுருக்குற வேலைதான் என்கோடிங், அதுல 3070-க்கு ஏவி1ங்கற முறை வராது, அது 40 சீரிஸ்ல இருந்துதான். அதனால எச்இவிசிங்கற முறைல 10 பிட்டுல 120 எம்பிபிஎஸ் வச்சிருக்கேன், அதுக்கு மேல ஏத்துனா என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல, டிகோடிங் டைம் மட்டும் ஏறுது. கேமையும் ஹெட்செட்டையும் இணைக்குற ஓப்பன்எக்ஸ்ஆர் ரன்டைம விர்ச்சுவல் டெஸ்க்டாப்போட வீடிஎக்ஸ்ஆர்னு மாத்திட்டேன், ஸ்டீம்விஆர் நடுவுல ஓடவே வேண்டியதில்ல, ஒரு ஆள் கொறஞ்சுது.

சிபியு 11 இருந்தது தொந்தரவா இருந்துச்சு. 5600எக்ஸ்க்கு ஆளில்லாத வானத்துல அது கூடுதல்தான். ஒரு நாள் டாஸ்க் மேனேஜர்ல எதையோ பாக்கப் போயி மெமரி டேபுல ஸ்பீடு 2133னு போட்டிருக்கு, பாத்ததும் திக்குன்னுச்சு. ரேம் வாங்குனது 3600. பயாஸ்ல எக்ஸ்எம்பிய, அதான் ரேம அதோட முழு வேகத்துல ஓட விடுற செட்டிங்க, ஆன் பண்ணவே இல்ல. ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடிருக்கு. ஆன் பண்ணுனதும் 11 இருந்தது 9.5 வந்துச்சு, காசு ஒண்ணும் ஆகல. இத வாசிக்கிறவங்க இப்பவே போய் ஒங்க மெமரி ஸ்பீடப் பாருங்க, நெஜமா சொல்லுதேன், இதுல பல பேரு ஏமாந்திருப்பாங்க.

இப்ப ஜிபியு. இங்கதான் ஆசைக்கும் அளவுக்கும் சண்ட. கிராபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி 8 ஜிபி விராம், அதுல டெக்ஸ்சர (பொருள் மேல ஒட்டுற படங்கள) ஹைல வச்சா டிசிஎஸ் விஆர்ல அது நெறஞ்சு வழிஞ்சுரும், வழிஞ்சது மெயின் ரேமுக்குப் போகும், தலைய திருப்பும்போது அந்த டெக்ஸ்சர அங்க இருந்து இழுத்துட்டு வரணும், அந்த நேரத்துலதான் டக்குன்னு ஒரு வெட்டு. சித்தப்பா திரும்பும்போதெல்லாம் பேனல் நடுங்குனது பாதி இதனாலதான். காக்பிட் டெக்ஸ்சர் மீடியம், டெரெய்ன் டெக்ஸ்சர் லோ. மனசு கேக்கல, ஆனா வெட்டு நின்னுபோச்சு. இது மட்டும் எஃப்பிஎஸ் நம்பர்ல தெரியவே தெரியாது, சராசரி அப்படியேதான் இருந்துச்சு.

டிசிஎஸ்ல இருக்க பிக்சல் டென்சிட்டிய தொடாதீங்க, 1.0லயே விடுங்க. 1.2னு வச்சா என்னமோ இருபது சதம் கூடுனாப்ல தோணும், அகலமும் உயரமும் ரெண்டும் பெருகும், அப்ப 1.44 மடங்கு பிக்சல். ரெசல்யூஷன ஒரே எடத்துல மாத்துங்க, விர்ச்சுவல் டெஸ்க்டாப்லயோ ஹெட்செட் சாஃப்ட்வேர்லயோ. ரெண்டு எடத்துல மாத்துனா பெருக்கல்ல பெருக்கலா ஏறிரும்.

நிழல்: மீடியம், தரைல இருக்க கட்டடங்களுக்கு ஃப்ளாட். நிழல் ஜிபியுவ மட்டும் இல்ல சிபியுவையும் இழுக்கும். எஸ்எஸ்ஏஓ, எஸ்எஸ்எல்ஆர், ஹீட் ப்ளர்னு அழகுக்கு இருக்குறதும், காக்பிட்ல பின்னால பாக்குற கண்ணாடியும் எல்லாம் ஆஃப். மேகம் ஸ்டாண்டர்டு, அதுக்குக் கீழ போனா விஆர்ல கொதிக்குறாப்ல தெரியுது, அத எறக்க மாட்டேன். ஹார்னெட் (எஃப்/ஏ-18), எஃப்-16 மாரி காக்பிட்ல திரை இருக்க போர் விமானம் ஓட்டுறவங்களுக்கு காக்பிட் டிஸ்ப்ளே ரெசல்யூஷன்னு ஒண்ணு இருக்கு, அத 512ல வைங்க, எழுத்து வாசிக்க போதும். டார்கெட்டிங் பாட், அதான் இலக்கப் பாக்க விமானத்துல மாட்டுற கேமரா, அதோட வீடியோவ திரைல போட்டா அந்தக் கேமரா பாக்குறதையும் தனியா ஒருக்கா வரையணும், ஏற்கெனவே ரெண்டு கண்ணு, இது மூணாவது. வேலை முடிஞ்சதும் வேற பக்கத்துக்கு மாத்திருங்க, ஒடனே ரெண்டு மூணு மில்லிசெகண்ட் திரும்பி வருது என் மெஷின்ல.

டிஎல்எஸ்எஸ் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். 2023 அக்டோபர்ல டிசிஎஸ் 2.9-ல வந்தது. கொறஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கும், ஜிபியு டைம் நல்லா எறங்கும், ஓரமெல்லாம் வழுவழுன்னு இருக்கும். ஆனா அது பழைய ஃப்ரேம்களையும் சேத்துப் பாத்துதான் புது ஃப்ரேம உண்டாக்குது, அதனால வெரசா நகருறதுக்குப் பின்னால ஒரு எச்சம் வரும். தூரத்துல ஒரு விமானம் புள்ளியா போகும்போது பின்னால புகை மாரி இழுத்துட்டுப் போகும். ஹார்னெட்ல ஹட்ல, அதாவது பைலட் மூஞ்சிக்கு நேரா இருக்க கண்ணாடித் திரைல, ஓடுற உயர நம்பரு மாறும்போது பழைய நம்பரு மேல புதுசு படிஞ்சு தெரியும், 8-ஆ 6-ஆன்னு கண்ண சுருக்கணும். டாக்ஃபைட் போடும்போது, அதான் விமானத்தோட விமானம் கிட்டக்க சண்ட போடும்போது, எனக்கு அது ஒத்து வரல, எதிரியத் தேடுற வேலைல டிஎல்எஸ்எஸ்க்கு பதிலா ஓரத்த வழுவழுப்பாக்குற எம்எஸ்ஏஏ 2எக்ஸ் போட்டு ரெசல்யூஷன ஒரு படி கொறச்சுக்கிடுறேன், புள்ளி புள்ளியாவே தெளிவா தெரியும். தரைத் தாக்குதலுக்கும் சும்மா பறக்கவும் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சரியான பதில் இருக்குன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க, எதப் பாக்கப் பறக்கீங்கங்கறத வச்சுதான் அது.

அப்புறம் குவாட் வியூஸ். நடுவுல மட்டும் தெளிவா ஓரத்துல மங்கலா வரையுறது. குவெஸ்ட் ப்ரோ மாரி கண்ணு எங்க பாக்குதுன்னு கண்டுபிடிக்கிற ஹெட்செட்ல அந்தத் தெளிவு கண்ணோடயே நகரும், குவெஸ்ட் 3-ல அந்த வசதி இல்ல, நடுவுலயேதான் நிக்கும். எல்லாரும் இத ஆஹா ஓஹோன்னு சொல்லுதாங்க, நானும் போட்டேன், ஜிபியு 3 மில்லிசெகண்ட் எறங்குச்சு, ஆனா ஆட்டம் முன்னவிட மோசம். ஏன்னா பேர்லயே இருக்கு, ரெண்டு வியூக்கு பதிலா நாலு வியூ வரையணும், நாலுக்கும் கட்டளை குடுக்குறது சிபியு. சொதிக்காரனுக்கு வேலை கொறஞ்சுது சோத்துக்காரனுக்கு வேலை கூடிப்போச்சு. தாழப் பறந்து ஊருக்குள்ள போனா சிபியு 15 தாண்டிருச்சு. பெரிய சிபியு சின்ன ஜிபியு வச்சிருக்கவங்களுக்கு இது வரம், எனக்கு ஆகல, எடுத்துட்டேன். யாரு பிந்துதான்னு பாக்காம செட்டிங் மாத்துனா இப்படித்தான், நல்ல மருந்தே சேராமப் போயிரும்.

ஸ்பேஸ்வார்ப் பத்தி நெறைய பேரு கேக்காங்க. கேம் பாதி ஃப்ரேம்தான் வரையும், மீதிய ஊகிச்சு நிரப்பும், 72 ஹெர்ட்ஸ்ல 36 வரைஞ்சா போதும். கடலுக்கு மேல உயரத்துல பறந்தா அருமையா இருக்கும். ஆனா ஜன்னல் சட்டத்து ஓரத்துல தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாரி நெளியும், பக்கத்துல போற விமானம் ரெண்டா தெரியும், அன்னைக்கு சித்தப்பாவுக்கு ஜன்னல் சட்டம் ரெண்டா தெரிஞ்சதும் இதனாலதான். வானத்துல ஏரியல் ரீஃப்யூலிங் பண்ணும்போது, அதான் பறந்துக்கிட்டே இன்னொரு விமானத்துல இருந்து எரிபொருள் வாங்கும்போது, குழாய் நுனில இருக்க கூடை நெளிஞ்சுதுன்னா கோக்கவே முடியாது. நான் அத ஆஃப் பண்ணிட்டு 90 ஹெர்ட்ஸ்ல இருந்து 72-க்கு எறங்கிட்டேன். 90-ல 13 மில்லிசெகண்ட்னா தோல்வி, 72-ல அதே 13 ஜெயிச்சாச்சு. முதல்ல இருந்த பெரும என்னன்னா 90 வச்சிருக்கோம்ங்கறது. அத விட்டதும் எல்லாம் கூடி வந்துச்சு.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, அது வெளிநாட்டுக்காரங்க எழுதுற எதுலயும் இருக்காது. வெக்க. மத்தியானம் மச்சுல 37 டிகிரி நிக்கும், ஓட்டுக்குக் கீழ இருக்குற ரூம். காலைல 12.8 இருந்த ஜிபியு டைம் மத்தியானம் அதே மிஷன்ல 15 காட்டுது. கார்டு 83 டிகிரிய தொட்டதும் அதோட கிளாக்க (ஓடுற வேகத்த) அதுவே எறக்கிக்கிடுது. தூசிய ஊதித் தொடச்சேன், கேஸ் பக்கப்பலகைய கழட்டி வச்சேன், கடைசில எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல அண்டர்வோல்ட் பண்ணுனேன், அதாவது கார்டுக்குப் போற வோல்டேஜ கொறச்சேன், 0.9 வோல்ட்ல 1905 மெகாஹெர்ட்ஸ். 220 வாட் கார்டு 40 வாட் பக்கத்துல கம்மியா குடிக்குது, மத்தியானமும் காலைலயும் ஒரே நம்பரு. ஆனி ஆடில செங்கோட்டை கணவா வழியா சாரக்காத்து வரும்லா, அப்ப இதெல்லாம் தேவையே இருக்காது, ஆனா வருஷம் பூரா ஆடி மாசம் கிடையாதே. மூஞ்சிக்கு நேரா ஒரு டேபிள் ஃபேனும் வைங்க, லென்ஸ்ல வேர்வ ஆவி படியாது, காத்து ஒரே பக்கமிருந்து அடிக்கும்போது ஒடம்புக்கு எது முன்பக்கம்னு தெரியும், எனக்கு கிறுகிறுப்பு கொறஞ்சுது.

அப்டேட் வந்தாலோ கிராபிக்ஸ் டிரைவர் மாத்துனாலோ சேவ்ட் கேம்ஸ்ல டிசிஎஸ் ஃபோல்டருக்குள்ள எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 ரெண்டு ஃபோல்டருக்குள்ள இருக்கதையும் அழிச்சிருங்க, படம் வரைய கேம் முன்னாடியே செஞ்சு வச்சிருக்க ஷேடர் ஃபைல்தான் அதெல்லாம். முதல் தடவ லோடு ஆக நேரம் எடுக்கும், அது திரும்ப உண்டாக்கிக்கிடும்.

தை மாசம் பொங்கல் கழிச்சு சித்தப்பா வந்தாக. நானா கூப்பிடல, அவுகளா மச்சுக்கு ஏறிட்டாக. நோட்டுல அன்னைக்கு சிபியு 9.5, ஜிபியு 12.6, நெட்வொர்க் 6. இந்தத் தடவ நான் எடுத்த எடுப்புல பறக்கல, முதல்ல எஞ்சின் போடாம ரன்வே ஓரத்துல நிறுத்தி வச்சேன். அவுக மொகத்த பேனலுக்குப் பக்கத்துல கொண்டு போயி, தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைய ஆட்டி, அந்தக் கோட்டயே பாத்தாக. நான் மானிட்டர்ல அவுக பாக்குறத பாத்துட்டு நிக்கேன். கோடு கோடாவே நிக்குது. அப்புறம் ஒண்ணு ஒண்ணா விரல நீட்டி இது இன்னது இது இன்னதுன்னு சொல்ல ஆரம்பிச்சாக, எது கெட்டுப்போனா எத கழட்டணும், எந்த மூடிய தொறக்க எத்தன ஸ்க்ரூ, குளிர்காலத்துல எது அடம் பிடிக்கும். "மண்ணெண்ண வாட மட்டும் இல்லடே"ன்னாக. முப்பத்தஞ்சு நிமிஷம் இருந்தாக, எஞ்சின் போட்டு ஒரு சுத்தும் போய்ட்டு வந்தோம், கீழ எறங்குனதும் நல்லா சாப்பிட்டாக.

இன்னும் முடியாத கணக்கு ஒண்ணு பாக்கி. சிரியா மேப்ல தரைப்படை நெறைய போட்ட மிஷன், சூப்பர்கேரியர்ங்கற விமானந்தாங்கிக் கப்பல் டெக்குல ஆளுக ஓடுற மிஷன், ரெண்டுலயும் சிபியு 16க்குப் போகுது, அங்க எந்த செட்டிங்க எறக்குனாலும் அசைய மாட்டேங்குது, ஏன்னா அது கணக்குப் போடுற வேலை. என் போர்டுலயே 5800எக்ஸ்3டிங்கற சிபியு உக்காரும், அதுல 96 எம்பி எல்3 கேஷ் இருக்கு, டிசிஎஸ் அடிக்கடி தேடுற சாமானெல்லாம் ரேமுக்கு ஓடாம பக்கத்துலயே இருக்கும், இந்த கேமுக்கு அது ரொம்ப நல்லா சேருது. செகண்ட் ஹேண்டுல தேடிட்டு இருக்கேன். கெடச்சதும் அதே பதூமி ஆறு நிமிஷத்த ஓட்டி நோட்டுல இருக்கத அப்படியே இங்க போடுதேன்.